எரிமலை, ஏரி, நீர்வீழ்ச்சி: யப்பானின் நிக்கோவில் ஒரு நாள்

மாணவர்களே, புவியியற் பாடத்தில் எரிமலையை அகவிசைகளின் கீழும், நீர்வீழ்ச்சியை நதியின் வேலையின் கீழும் கற்கிறீர்கள். ஏரி இவற்றுக்கு இடையில் எங்கோ ஓரிரு வரிகளில் வந்துபோகும். கொப்பியில் மூன்றுக்கும் மூன்று பக்கங்கள். அதனால் விடைத்தாளிலும் அவை ஒன்றையொன்று அறியாத மூன்று அந்நியர்களைப் போலவே வந்து நிற்கின்றன. வரைவிலக்கணம் சரியாக இருக்கும், "ஏன் அவ்விடத்தில் தோன்றியது?" என்று வினா சற்றுத் திரும்பினால் பேனை நின்றுவிடும்.

இந்தக் குறையைப் போக்க யப்பானிலுள்ள நிக்கோ என்னும் இடத்தை எடுத்துக்கொள்வோம். தலைநகர் டோக்கியோவிலிருந்து காலையிற் புறப்பட்டால் ஓர் எரிமலையையும், ஒரு மலை ஏரியையும், பல நீர்வீழ்ச்சிகளையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அங்கே எரிமலைதான் ஏரியை உண்டாக்கியது; ஏரியின் வழிநீரே நீர்வீழ்ச்சியாக விழுகிறது. நாம் பார்க்கப்போவது மூன்று நிலத்தோற்றங்களை அல்ல, ஒரே நிகழ்வின் மூன்று பகுதிகளை.

அமைவிடம்

நிக்கோ, யப்பானின் மிகப் பெரிய தீவாகிய ஹொன்சூவில், டோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாகாணத்தில் உள்ளது. 1934ஆம் ஆண்டில் இப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இங்குள்ள புகழ்பெற்ற ஆலயங்கள் 1999இல் உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. பெரும்பாலான பயணிகள் முதலில் அவற்றையே பார்க்கச் செல்வர். அது வரலாற்று ஆசிரியரின் பங்கு. நாம் மலைக்குப் போவோம்.

யப்பானில் ஏன் இத்தனை எரிமலைகள்? பசுபிக் தகடு மேற்கு நோக்கி நகர்ந்து, யப்பானின் கீழே அமிழ்ந்து செல்கிறது. அவ்வாறு ஆழத்துக்குச் செல்லும் தகட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள மூடியின் பாறைகள் உருகுவதை இலகுவாக்குகிறது. உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து எரிமலைகளாக வெளிப்படுகிறது. இதனால்தான் யப்பானின் எரிமலைகள் சிதறிக் கிடக்காமல் தகட்டு எல்லைக்குச் சமாந்தரமாக ஒரு வரிசையில் அமைந்துள்ளன. இலங்கை தகட்டு எல்லைகளிலிருந்து மிகவும் விலகி, தகட்டின் உட்பகுதியில் இருப்பதால் இங்கு எரிமலை இல்லை. இவ்விரு வாக்கியங்களையும் அருகருகே எழுதிப் பழகுங்கள்.

மேலே ஏறுதல்

டோக்கியோவின் அசகுசா நிலையத்திலிருந்து கடுகதிப் புகையிரதத்தில் ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் நிக்கோ நகரை அடையலாம். நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 540 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஏரி இருப்பதோ 1,269 மீற்றரில். எனவே இனி பஸ்ஸில் மலை ஏற வேண்டும்.

அந்த வீதியின் பெயர் இரோஹாசாகா. ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு வேறொரு பாதை. இரண்டும் ஒருவழிப் பாதைகள். இறங்கும் பாதை 1954இலும் ஏறும் பாதை 1965இலும் திறக்கப்பட்டன. இறங்கும் பாதையில் 28, ஏறும் பாதையில் 20 என மொத்தம் 48 வளைவுகள் உள்ளன. யப்பானியரின் பழைய எழுத்து வரிசை "இ, ரோ, ஹா" என்று தொடங்கும். அதன் எழுத்துகளை வளைவுக்கு ஒன்றாகச் சூட்டியிருக்கிறார்கள். எமது பதினெட்டு வளைவுப் பாதையில் மகியங்கனைக்கு இறங்கியவர்களுக்கு இந்தப் பயணத்தின் சுகமும் சங்கடமும் விளங்கும்.

இங்கே ஒரு சிறு கணிப்பு. 1,000 மீற்றர் உயரத்துக்கு வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும் என்று படித்திருக்கிறீர்கள். 1,269இலிருந்து 540ஐக் கழித்தால் 729 மீற்றர். அதற்குரிய வெப்பநிலை வீழ்ச்சி ஏறக்குறைய 4.7 பாகை. நிக்கோ நகரில் 20 பாகை என்றால் ஏரிக்கரையில் சுமார் 15 பாகைதான் இருக்கும். இலையுதிர் காலத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். இலைகள் முதலில் உயரமான இடங்களில் சிவக்கின்றன. அந்தச் சிவப்பு ஒக்டோபர் முழுவதும் மலைச்சரிவில் படிப்படியாகக் கீழிறங்கி, நவம்பரில் நகரை அடைகிறது. உயரம் காலநிலையைப் பாதிக்கும் என்பதற்கு இதைவிட அழகான உதாரணத்தை நான் பாடநூல்களிற் கண்டதில்லை.

ஒரே பார்வையில் மூன்றும்

ஏறும் பாதையின் முடிவுக்கு அருகே அகெச்சிதைரா என்னும் மேட்டு நிலம் உள்ளது. அதற்கு மேலேயுள்ள காட்சிமேட்டிலிருந்து பார்த்தால், வலப்புறம் கூம்பு வடிவிலான நன்தாய் எரிமலை, அதன் அடியில் பரந்து கிடக்கும் சூசென்ஜி ஏரி, ஏரிக்கு முன்னால் பாறைச் சுவரிலிருந்து விழும் கெகொன் நீர்வீழ்ச்சி ஆகிய மூன்றும் ஒன்றாகத் தெரியும். இப்போது கொப்பியை எடுத்து இக்காட்சியைப் பருமட்டாக வரையுங்கள். பின்னால் முக்கோணமாக மலை. அதன் கால்மாட்டில் கிடையாக ஏரி. முன்னால் ஒரு செங்குத்துக் கோடு. கீழே வருவன அனைத்தையும் இப்படத்தில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

நன்தாய் எரிமலை

நன்தாயின் உயரம் 2,486 மீற்றர். ஏரியின் மட்டத்திலிருந்து பார்த்தால் அது 1,217 மீற்றர் எழுந்து நிற்கிறது. இது ஒரு கலப்பு எரிமலை. அதாவது இலாவாவும், சாம்பலும், பாறைத் துண்டுகளும் மாறி மாறிப் படிந்து கூம்பாக வளர்ந்தது. உச்சியில் சுமார் 1 கிலோமீற்றர் அகலமான எரிமலைவாய் இருக்கிறது. அதன் வடக்குப் பக்கம் திறந்துள்ளது. 782ஆம் ஆண்டில் ஷோதோ என்னும் பௌத்த துறவி இதன் உச்சியை அடைந்தார் என்பர். ஏரிக்கரையிலுள்ள ஆலயத்திலிருந்து இன்றும் பக்தர்கள் ஏறுகின்றனர். ஒரு நாட் பயணத்தில் வருபவர் உச்சிக்கும் போய் நீர்வீழ்ச்சிகளையும் பார்ப்பது கடினம். அடிவாரத்தில் நின்று பார்ப்பதுடன் திருப்திப்பட வேண்டியதுதான்.

ஒரு சொல் விளக்கம். நிலத்துக்கு அடியில் உள்ளபோது அது மக்மா; வெளியே வந்ததும் இலாவா. "மக்மா மலைச்சரிவில் வழிந்தோடியது" என்று எழுதாதீர்கள்.

ஏரி எவ்வாறு தோன்றியது?

நன்தாய் தோன்றுவதற்கு முன்னர் அங்கே ஏரி இருக்கவில்லை. தைய்யா ஆறு ஓடிய ஆழமான பள்ளத்தாக்கே இருந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் நன்தாயிலிருந்து வழிந்த இலாவா அந்தப் பள்ளத்தாக்கினுள் இறங்கி, ஆற்றைக் குறுக்கே அடைத்து இறுகியது. மேலிருந்து வந்த நீர் போக வழியின்றித் தேங்கி, பள்ளத்தாக்கை நிரப்பி ஏரியாகியது. பொறியியலாளர் கொங்கிறீற்றால் அணை கட்டுவதை இங்கே எரிமலை இலாவாவால் செய்திருக்கிறது.

சூசென்ஜி ஏரியின் பரப்பு ஏறக்குறைய 12 சதுர கிலோமீற்றர். கரையின் சுற்றளவு சுமார் 25 கிலோமீற்றர். மிகக் கூடிய ஆழம் 163 மீற்றர். மலை மேலிருக்கும் இந்த ஏரி இவ்வளவு ஆழமாக இருப்பது ஏன்? அடைபட்டது செங்குத்தான மலைப் பள்ளத்தாக்கு என்பதே விடை.

மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுதான். "எரிமலை ஏரி" என்று கேட்டவுடன் எரிமலைவாயில் நீர் நிறைந்த ஏரி என்று எழுதிவிடுகிறார்கள். சூசென்ஜி அப்படிப்பட்டதல்ல. அது எரிமலையின் வாயில் இல்லை, காலடியில் உள்ளது. இதனை இலாவா அணை ஏரி என்று குறிப்பிடுங்கள். இந்தோனேசியாவின் சுமாத்திராவிலுள்ள தோபா ஏரி வேறு வகை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் கக்குகையின்போது நிலம் உள்வாங்கி உண்டான பெருங்குழியில் அது அமைந்துள்ளது. வினாவில் "எரிமலைச் செயற்பாட்டால் தோன்றும் ஏரிகள்" என்று பொதுவாக வந்தால் இரண்டு வகையையும் எழுதுங்கள்.

நுவரெலியாவில் ஏரி உண்டே என்று நீங்கள் கேட்கலாம். கிரகரி ஏரி 1873இல் மனிதரால் அமைக்கப்பட்டது. காசல்றீ, மவுசாக்கலை ஆகியனவும் நீர்த்தேக்கங்களே. இயற்கையான மலை ஏரிக்கு உதாரணமாக இவற்றைத் தர வேண்டாம்.

கெகொன் நீர்வீழ்ச்சி

நிரம்பிய ஏரி எங்காவது வழிந்தாக வேண்டும். ஏரியின் கிழக்குப் பக்கத்தில் வெளியேறும் தைய்யா ஆறு, சற்றுத் தூரம் ஓடி, இலாவா அணையின் விளிம்பிலிருந்து 97 மீற்றர் கீழே விழுகிறது. அதுவே கெகொன். 1930ஆம் ஆண்டில் பாறையைக் குடைந்து அமைத்த மின்தூக்கி பயணிகளை சுமார் 100 மீற்றர் கீழே இறக்கிவிடுகிறது. அங்குள்ள மேடையில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும்.

பயணிகள் எல்லோரும் நடுவில் விழும் பெரிய நீர்த்தாரையையே படமெடுக்கிறார்கள். நீங்கள் பாறைச் சுவரைப் பாருங்கள். மேற்பகுதியில் இறுகிய இலாவா தூண் தூணாக வெடித்து நிற்கும். சூடான இலாவா குளிர்ந்து சுருங்கும்போது இவ்வாறு மூட்டுக்கள் உண்டாகின்றன. சுவரின் நடுப்பகுதியில், பெரிய தாரைக்கு இருபுறமும், பல மெல்லிய தாரைகள் பாறையிலிருந்து பீறிட்டு வருவதைக் காண்பீர்கள். அவை மேலேயிருந்து விழுபவை அல்ல. நீர் இலாவாவின் வெடிப்புகளினூடாக உட்புகுந்து, அதற்கு அடியிலுள்ள படையைச் சந்திக்கும் இடத்தில் ஊற்றாக வெளியேறுகிறது. ஆக, ஏரி விளிம்பால் மட்டுமன்றி அணையினூடாகவும் கசிகிறது. மேற்பரப்பு நீர், தரைக்கீழ் நீர் இரண்டும் ஒரே சுவரில் தெரியும் இடம் இது.

இனி, நீர்வீழ்ச்சி பின்வாங்குதல். மேலே வன்பாறை, கீழே எளிதில் அரிபடும் படை. கீழ்ப்பகுதி குடையப்பட, மேற்பாறை தாங்குவாரின்றி உடைந்து விழும் என்று மனனம் செய்திருக்கிறீர்கள். கெகொனில் 1986ஆம் ஆண்டு அதுவே நடந்தது. நீர் விழும் விளிம்பின் ஒரு பகுதி உடைந்து வீழ்ந்து, நீர்வீழ்ச்சியின் தோற்றமே மாறியது. "நீர்வீழ்ச்சிகள் காலப்போக்கில் பின்வாங்கும்" என்ற வாக்கியத்தின் பக்கத்தில் இந்த ஆண்டை எழுதி வைத்தால் வாக்கியத்துக்கு உயிர் வரும்.

இன்று கெகொனில் விழும் நீரின் அளவை ஏரியின் வாயிலிலுள்ள சூசென்ஜி அணைக்கட்டின் கதவுகள் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இயற்கை நீர்வீழ்ச்சி என்றாலும் அதன் ஓட்டம் முழுவதும் இயற்கையானதல்ல. எமது சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்கும் இதே நிலை. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கிய பின் அங்கு விழும் நீர் திறந்துவிடப்படும் நீராகும். உயரத்தில் கெகொன் எமது பம்பரகந்தையை நெருங்காது. பம்பரகந்தை 263 மீற்றர். ஆனால் எமது நீர்வீழ்ச்சிகள் மிகப் பழைய, கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட பாறைகளில், மலைநாட்டின் செங்குத்துச் சரிவுகளில் அமைந்தவை. கெகொன் புவியியற் கணக்கில் நேற்றுப் பிறந்தது.

ஒரு சுவையான விளைவையும் சொல்ல வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த ஏரியில் மீன்கள் இருக்கவில்லை. 97 மீற்றர் சுவரை எந்த மீன்தான் ஏறும்? 1870களில் மனிதரே மீன்களைக் கொண்டுவந்து விட்டனர். நிலத்தோற்றம் உயிரினப் பரம்பலைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு இந்த உதாரணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கு மேலே

நேரம் இருப்பவர் பஸ்ஸில் மேலும் சென்றால் இதே கதை சிறிய அளவில் மீண்டும் நடந்திருப்பதைக் காணலாம். மித்சுதாகே என்னும் வேறோர் எரிமலையின் இலாவா யுகாவா ஆற்றை அடைத்து யுனோகோ என்னும் சிறிய ஏரியை உண்டாக்கியது. அதன் வழிநீர் இலாவாவின் விளிம்பில் யுதாக்கி நீர்வீழ்ச்சியாக இறங்குகிறது. ஏரியின் மறுகரையில் யுமோட்டோ வெந்நீரூற்றுகள். கந்தக மணம் தூரத்திலேயே மூக்கில் ஏறும்.

யுதாக்கிக்குக் கீழே ஆறு சென்ஜோகஹரா சதுப்பு நிலத்தின் ஓரமாக ஓடுகிறது. "போர்க்களச் சமவெளி" என்பது பெயரின் பொருள். சூசென்ஜி ஏரிக்காக நன்தாய் மலைத் தெய்வம் பாம்பாகவும், அகாகி மலைத் தெய்வம் பூரானாகவும் மாறிப் போரிட்டனவாம். புவியியலின்படி இதுவும் ஒருகாலத்தில் ஏரி. நன்தாய் கக்கிய பொருட்கள் ஆற்றை அடைத்ததால் தோன்றியது. பின்னர் மணலும் சாம்பலும் வந்து படிய, நீர்த்தாவரங்கள் மடிந்து சேர, தூர்ந்து சதுப்பாகியது. இப்பகுதியின் ஈரநிலங்கள் 2005இல் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. யுனோகோவையும் சென்ஜோகஹராவையும் ஒரு மணித்தியாலத்துக்குள் பார்ப்பவர் ஓர் ஏரியின் இளமையையும் முதுமையையும் ஒன்றாகப் பார்த்தவராவார்.

அடுத்து ஆறு சுமார் 210 மீற்றர் நீளத்துக்குப் பாறைகளின் மேல் படிப்படியாகச் சரிந்து, இறுதியில் ஒரு பெரும் பாறையால் இரண்டாகப் பிரிகிறது. அது ரியூசு, அதாவது "நாகத்தலை" நீர்வீழ்ச்சி. அதன்பின் சூசென்ஜி ஏரி. பாதையைத் தொகுத்துக்கொள்ளுங்கள்: யுனோகோ ஏரி, யுதாக்கி, சென்ஜோகஹரா, ரியூசு, சூசென்ஜி ஏரி, கெகொன், தைய்யா ஆறு, கினு ஆறு, தோனே ஆறு, பசுபிக் சமுத்திரம்.

நன்தாய் அவிந்த எரிமலையா?

உங்கள் குறிப்புகளில் எரிமலைகள் தொழிற்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, அவிந்த எரிமலை என மூன்றாக வகுக்கப்பட்டிருக்கும். நன்தாய் புகைவதில்லை. எழுதப்பட்ட வரலாற்றில் அது கக்கியதாகப் பதிவும் இல்லை. ஆகவே அதை "அவிந்த" வகையிற் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் அது கக்கியதற்கான சான்றுகளை ஆய்வாளர் கண்டறிந்தனர். 2017 யூன் மாதத்தில் யப்பானிய வளிமண்டலவியல் நிறுவகம் நன்தாயைத் தொழிற்படும் எரிமலைகளின் பட்டியலில் 111ஆவதாகச் சேர்த்தது. கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் கக்கியவையும், தற்போது ஆவியும் வாயுவும் தீவிரமாக வெளியேறுபவையும் தொழிற்படும் எரிமலைகள் என்பதே அங்குள்ள அளவுகோல். மனிதருக்கு 7,000 ஆண்டு நீண்ட காலம், மலைக்கு அப்படியல்ல.

இது பெயர் மாற்றம் மட்டுந்தானே என்று எண்ண வேண்டாம். யப்பானில் 3,067 மீற்றர் உயரமான ஒன்தாகே என்ற எரிமலை உண்டு. அது உறங்குவது அல்லது அவிந்தது என்றே கருதப்பட்டு வந்தது. 1979இல் திடீரெனக் கக்கியது. அதன்பின் அந்நாட்டில் "உறங்கும்", "அவிந்த" என்ற வகைப்பாடுகளைக் கைவிட்டனர். ஆயினும் 2014 செப்டெம்பர் 27, இலையுதிர்கால சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன், எச்சரிக்கை நிலை மிகக் குறைந்த படியில் இருந்தபோதே ஒன்தாகே மீண்டும் வெடித்தது. தரைக்கீழ் நீர் சூடேறி ஆவியாக வெடித்த வகை அது. உச்சியில் மதிய உணவுக்கு அமர்ந்திருந்தவர்கள் உட்பட 63 பேர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவர்களிற் பலர் நாம் இன்று செய்ததைப் போன்ற பயணத்துக்கு வந்தவர்கள்.

எரிமலை கக்காதபோதும் அதன் சரிவு ஆபத்தானது. தளர்வான சாம்பலும் கற்களும் கொண்ட நன்தாயின் சரிவு, 1902 செப்டெம்பரில் சூறாவளியுடன் பெய்த பெருமழையில் சரிந்து, கரையிலிருந்த சூசென்ஜி ஆலயத்தை ஏரிக்குள் தள்ளியது. இன்று பயணிகள் வணங்கும் ஆலயம் பின்னர் வேறிடத்தில் அமைக்கப்பட்டது. மண்சரிவு பற்றிப் பதுளையிலும் நுவரெலியாவிலும் உள்ள மாணவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பரீட்சையில் மூன்று வகைகளையும் கேட்டால் மூன்றையும் எழுதுங்கள், புள்ளி அதற்கே. அவிந்த எரிமலைக்கு உதாரணம் எழுதும்போது மட்டும் நன்தாயையும் ஒன்தாகேயையும் தொடாதீர்கள்.

விடை எழுதும் முறை

"எரிமலைச் செயற்பாடு வடிகாலமைப்பை மாற்றியமைக்கும் விதத்தை உதாரணத்துடன் விளக்குக" என்று ஒரு வினா வருவதாகக் கொள்வோம். இவ்வாறு எழுதலாம்:

"யப்பானின் நன்தாய் எரிமலையிலிருந்து சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வழிந்த இலாவா, தைய்யா ஆற்றின் பள்ளத்தாக்கை அடைத்தது. இதனால் நீர் தேங்கி 163 மீற்றர் ஆழமான சூசென்ஜி ஏரி தோன்றியது. ஏரியின் வழிநீர் இலாவா அணையின் விளிம்பிலிருந்து 97 மீற்றர் விழுந்து கெகொன் நீர்வீழ்ச்சியாகிறது. அரிப்பினால் அவ்விளிம்பு தொடர்ந்து உடைந்து பின்வாங்குகிறது. 1986இல் அதன் ஒரு பகுதி வீழ்ந்தது."

ஐந்தே வாக்கியங்கள். "இதனால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். காரணத்தையும் விளைவையும் கட்டுவது அதுதான். உடன் ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து, எரிமலை, இலாவா அணை, ஏரி, நீர்வீழ்ச்சி, ஊற்று ஆகிய ஐந்தையும் பெயரிடுங்கள். நிறந்தீட்டி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பயிற்சி

1. இலாவா அணை ஏரிக்கும் எரிமலைவாய் ஏரிக்கும் இடையிலான வேறுபாட்டைப் படங்களின் உதவியுடன் காட்டுக.

2. ஏரிக்கரையில் வெப்பநிலை 12 பாகை செல்சியசு எனின், அதே வேளையில் நன்தாயின் உச்சியில் எவ்வளவு இருக்கலாம்? (விடை ஏறத்தாழ 4 பாகை, செய்கையைக் காட்டுக.)

3. கெகொனின் பாறைச் சுவரின் நடுவிலிருந்து நீர் வெளிவருவதற்குக் காரணம் யாது?

4. கெகொன், பம்பரகந்தை ஆகியவற்றை, அவை அமைந்துள்ள பாறைகளின் வயதையும் தோற்றத்தையும் கொண்டு ஒப்பிடுக.

5. சூசென்ஜி ஏரியும் ஒருநாள் சென்ஜோகஹராவைப் போலாகலாம், அல்லது கெகொன் பின்வாங்கி ஏரியை எட்டினால் வடிந்தும் போகலாம். இவ்விரண்டில் எது முன்னர் நிகழும் எனக் கருதுகிறீர்கள்? ஏரியின் ஆழம், ஆறு கொண்டுவரும் அடையல், விளிம்புப் பாறையின் வன்மை ஆகியவற்றைக் கொண்டு காரணம் கூறுக. (இதற்கு ஒரே சரியான விடை இல்லை. காரணத்துக்கே புள்ளி.)